பலாமரத்து வளைவில் இறுகிய ஸ்டியரிங்

காலை ஆறரை மணி இருக்கும். கலஹா மலை முழுக்கப் பனிமூட்டம். வைப்பர் கீச்சுக் கீச்சென்று போய் வந்துகொண்டிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி போய், அதற்குமேல் போக மனமில்லாமல் நின்றது. பேராதனைக்கு இறங்கும் பாதையில், நாங்கள் பலாமரத்து வளைவு என்று சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். எதிரே மேலேறி வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. வளைவு வலப்பக்கம் திரும்புகிறது. நானும் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

ஸ்டியரிங் திரும்பவில்லை.

அதுவரை ஒரு விரலால் திருப்பிக்கொண்டிருந்த சக்கரம், திடீரென்று அம்மிக்கல்லைத் தள்ளுவதுபோல் கனத்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். பிரேக்கை மிதித்தேன். கார் நேரே போய், முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியபின்தான் நின்றது. பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்துபோய் நிறுத்தியது. ஜன்னல் வழியே இருபது தலைகள். டிரைவர் மட்டும் சாவகாசமாகத் தலையை நீட்டிச் சொன்னார்.

"டீச்சர், ரோட்டுலயே போங்க. கான்ல மீன் இல்ல."

பஸ்ஸே சிரித்தது. என் பக்கத்துச் சீட்டில் இருந்தவர் சிரிக்கவில்லை. அவர் என் வீட்டுக்காரர் முத்தையா.

"வண்டில ஒரு கொறையும் இல்ல. ஒன் கையிலதான் வலுவில்ல. எத்தன தடவ சொல்லிட்டேன்?"

எஞ்சினை நிறுத்தினேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். அவர் குறுக்கே கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் திரும்பியது.

"பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். அந்தக் காரை அப்போது உதைக்க வேண்டும்போல் இருந்தது. அவரையும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதிய ரேடியோப் பெட்டிக் கதையைப் படித்துவிட்டு, "உங்கள் கணவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டக்கூடாதா?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரமும் ஆரம்பத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்காது.

டிரைவர் இறங்கமாட்டார்

இவர் இருபத்திரண்டு வருடம் தேயிலை லொறி ஓட்டியவர். மலையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புக்கு. அந்த லொறியில் பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே கிடையாது. தோள்பட்டைதான் பவர். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட அவர் பேனாவைப் பிடித்தால், பேனா தப்புமா என்று எனக்குப் பயமாக இருக்கும். அப்படிக் கை.

கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். கடுகண்ணாவையில் ஒரு தேத்தண்ணீர்க் கடையோரம் நிறுத்தினோம். புறப்படும்போது லொறியைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு வண்டி, பக்கத்தில் பள்ளம். கிளீனரைக் காணோம். கிளீனர்தான் பின்னால் நின்று "எண்ட... எண்ட..." என்று கூப்பிட்டு, போதும் என்றதும் "ஹரி!" என்று பலகையில் தட்ட வேண்டும். வா, வா, சரி என்பதற்கான சிங்களச் சொற்கள்தாம். ஆனால் தமிழனோ முஸ்லிமோ சிங்களவனோ, எந்த லொறிக்கும் அதுதான் பாஷை.

"நான் எறங்கிப் பாக்கவா?" என்று கேட்டேன்.

"நீ ஒக்காரு."

"அப்ப நீங்க எறங்கிப் பாருங்களேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "டிரைவர் எறங்கினா வண்டிக்கு மரியாதையில்ல" என்றார்.

அரை மணித்தியாலம் காத்திருந்தோம். கிளீனர் எங்கேயோ பீடி பிடித்துவிட்டு ஆடி அசைந்து வந்தபின்தான் லொறி நகர்ந்தது. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பக்கவாட்டில் பார்த்தபோது, அந்தக் கைகள் அவ்வளவு பெரிய சக்கரத்தை வளைத்த விதம் அழகாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நாற்பத்தாறு வயதில் லைசன்

பிறகு அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. சீனி கண்ணுக்குப் போனது. வலது கண் அநேகமாக முடிந்துவிட்டது, இடது கண்ணில் பாதி மிச்சம். பேராதனைக் கிளினிக்கில் டொக்டர் இனி வண்டி தொடவேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்தவர் லைசனை அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

அதற்குச் சில மாதத்துக்கு முன்தான் ஓய்வுபெற்ற கையோடு ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கியிருந்தார். வெள்ளை நிறம். கண்டியில் இரண்டு பேரிடம் கைமாறி எங்களிடம் வந்தது. அது வாசலில் தார்ப்பாய்ப் படங்கு போர்த்தியபடி நின்றது. தினமும் காலையில் படங்கை எடுத்துவிட்டுத் துடைப்பார். பிறகு மூடிவிடுவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் பேராதனைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கே எழுந்து போய், பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போகவேண்டும். "நான் கார் பழகப் போறேன்" என்றேன். மூன்று நாள் அவர் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள், "பழகிக்க" என்றார். இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணினேன். வயது நாற்பத்தாறு.

லைசன் கைக்கு வந்த அன்று அவர் தனியாகப் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனார். ஒரு சாண் உயரப் பிள்ளையாரோடு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வாயில் டோர்ச். பாதிக் கண்ணால் தெரிந்தது எவ்வளவோ, மிச்சத்தை விரலால் தடவித் தடவி வயர் இழுத்தார். இடையில் எழுந்துவந்து என் நகப்பூச்சுப் போத்தலைக் கேட்டார்.

சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளையாரின் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பல்பு. என் நகப்பூச்சைத் தடவிச் சிவப்பாக்கியிருந்தார். ஸ்டியரிங் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச்.

"மூட்டம் வந்தா, வளைவு வந்தா போட்டுக்க. தொணையா இருப்பாரு."

பயமாக இருக்கிறது, கவனமாகப் போ என்று சொல்லத் தெரியாத மனிதர். அதற்குப் பதில் ஒரு நாள் முழுக்கத் தரையில் கிடந்து இதைச் செய்திருக்கிறார். குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் சொல்ல அது வசதி.

அந்தச் சுவிட்சை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. வாசலில் காரை நகர்த்தும்போதுகூடத் தொடமாட்டார். "அது ஒனக்குப் பூட்டினது" என்பார்.

தேசிக்காயும் நீற்றுப்பூசணியும்

மழைக்காலம் தொடங்கியதும் ஸ்டியரிங் விளையாட்டுக் காட்டத் தொடங்கியது. ஒரு வாரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காலை, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், சக்கரம் கனத்துவிடும். நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் நல்ல பிள்ளை.

கண்டியில் ஒரு கராஜில் கொம்பியூட்டரைச் செருகிப் பார்த்து, பேட்டரி பலவீனம் என்றார்கள். புதுப் பேட்டரி போட்டோம். அடுத்த மழைக்கு மறுபடியும் இறுகியது. கடுகண்ணாவையில் இவருடைய பழைய கூட்டாளி ஒருவரிடம் கொண்டுபோனோம். பளிச்சென்ற வெயில். கூட்டாளி ஓட்டினார், இவர் பக்கத்தில் இருந்தார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "தங்கச்சி, வண்டி தங்கம்" என்றார். இவர் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சம் எல்லாம் இருந்தது.

எந்தக் கராஜிலும் என்னை ஓட்டச் சொல்லவில்லை. நான் தாழ்வாரத்தில் ஹேண்ட்பேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கார் ஆண்களோடு போய் ஒழுங்காகத் திரும்பி வரும்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கண்ணூறு என்றார்கள். தேசிக்காயைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினோம். நீற்றுப்பூசணி உடைத்தோம். கோயிலில் அர்ச்சனை வைத்தேன். இனி மழையிலும் மூட்டத்திலும் பிள்ளையார் விளக்கை அணைப்பதே இல்லை என்று நேர்ந்துகொண்டேன். அதற்குப்பின்தான் ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை இறுகியது. மூன்றாவது தடவைதான் அந்தக் கான்.

இரண்டு நாள் கழித்து இவர் சொன்னார்: "கார வித்துருவோம். ஞாயித்துக்கெழம ஒருத்தர் பாக்க வாறாரு. நீ பழையபடி பஸ்ஸுல போ. நானும் கிளினிக்குக்குப் பஸ்ஸுலயே போறேன்."

"வண்டில கொறயில்லன்னீங்க. அப்ப ஏன் விக்கணும்?"

"கொறை எங்கன்னு தெரியும்ல."

சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனேன். எனக்குக் காரைப்பற்றிக் கவலை இல்லை. அப்பா சொன்ன பாதையில் வளர்ந்து, தேயிலைத் தோட்டம் சொன்ன இடத்தில் இருந்து, இவர் ஓட்டிய வண்டியில் ஏறி வந்தவள் நான். எந்த இடத்தில் திரும்புவது என்று நானே முடிவுசெய்தது அந்த ஒரு காரில்தான். அது போனால் இனி எனக்கு இன்னொன்று வராது என்று தெரியும். அதுவும் என் கை சரியில்லை என்ற பெயரோடு போகப்போகிறது.

என்னோடு படிப்பிக்கும் பரீனா டீச்சர் அலவத்துகொடையில் தன் பெரியம்மா மகன் கராஜ் வைத்திருப்பதாகச் சொன்னார். "சனிக்கெழம ஒருக்கா காட்டிட்டுப் போங்க டீச்சர். அவரும் ஒன்னுமில்ல சொன்னா வித்துப் போடுங்க."

இவரும் சம்மதித்தார். விற்கும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லதுதானே என்று நினைத்திருப்பார்.

ஓட்டுற ஆள் யாரு?

பரீனா டீச்சரின் அண்ணன் முறைக்காரர் ரஷீத் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தகரக் கூரை போட்ட சின்னக் கராஜ். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இவர் சொன்னதையெல்லாம் கேட்டார். கடைசியில் இவர் வழக்கமான முத்தாய்ப்பை வைத்தார்: "வண்டில ஒன்னுமில்ல நானா. இவங்களுக்குக் கை பழகல்ல."

ரஷீத் நானா என் பக்கம் திரும்பினார்.

"யாரு ஓட்டக்கொள்ள இறுகுது?"

"நான் ஓட்டுறப்ப."

"அப்ப நீங்கதானே ஓட்டோணும். அண்ணன், நீங்க பின்னுக்கு இரிங்கொ. நான் டீச்சருக்குப் பக்கத்துல இரிக்கிறன்."

ஸ்டியரிங் இறுகத் தொடங்கிய எட்டு மாதத்தில் இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பாவி மனுசன், நாலு சொல்லில் என் கண்ணைக் கலங்க வைத்துவிட்டார்.

மாத்தளை ரோட்டில் ஏறி ஒரு கிளைப்பாதையில் திருப்பினேன். ஒரு கிலோமீட்டர் போனோம். இரண்டு கிலோமீட்டர் போனோம். சக்கரம் பூவாகத் திரும்பியது. பின்சீட்டில் இவர் தொண்டையைச் செருமினார். இறுகித் தொலையேன் என்று காரை மனதுக்குள் கெஞ்சினேன். வேறெந்த டிரைவரும் அப்படி ஒரு வரம் கேட்டிருக்கமாட்டார்.

தூறல் விழுந்தது. பிறகு நன்றாகவே பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். ஹெட்லைட்டைப் போட்டேன். முன்னால் ஒரு வளைவு. என்னையறியாமல் கை போய்ப் பிள்ளையார் விளக்கையும் போட்டது. வளைவின் பாதியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சக்கரம் கல்லானது.

"நிப்பாட்டுங்கொ" என்றார் ரஷீத் நானா. "இப்ப என்ன செஞ்சீங்க டீச்சர்?"

"ஒன்னும் செய்யல்ல."

"கை எங்கயோ போனிச்சே."

சுவிட்சைக் காட்டினேன். அவர் அதை அணைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சக்கரம் இலேசாக இருந்தது. போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கனத்தது. மூன்று தடவை அப்படிப் பார்த்தோம். மூன்று தடவையும் பிள்ளையார் சிவந்தார், ஸ்டியரிங் இறுகியது.

கராஜுக்குத் திரும்பியதும் ரஷீத் நானா டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்து விளக்கினார். ஸ்டியரிங்குக்கு உதவுகிற மோட்டாருக்கு ஒரு மூளைப்பெட்டி இருக்கிறதாம். வண்டி ஓடுகிறது, விழித்திரு என்று அதற்குச் சொல்ல ஒரு மெல்லிய வயர். அந்த வயரைச் சுரண்டி, அதில்தான் பல்பின் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. வெயில் நாளில் சமாளித்துக்கொள்ளும். மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் இழுக்க, அந்தப் பல்பும் எரிந்தால், மெல்லிய வயரில் மிஞ்சும் கரண்ட் பெட்டிக்குப் போதாது. வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து அது தூங்கிவிடும்.

"எந்த வயர்ல எடுக்கிறதுன்னு பாக்கவும் இல்ல. யாரு இந்த வேலயப் பாத்த? மனுசன் செய்யிற வேலையா இது?"

தகரத்தில் மழை கொட்டியது. எட்டு மாதமாக நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்து விளாச நல்ல நேரம். இவரைப் பார்த்தேன். வாங்குப் பலகையில் ஓரமாக உட்கார்ந்து, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வயரைத் தடவியதும் அந்த விரல்கள்தான்.

"வாங்குறப்பவே அப்பிடித்தான் இருந்துச்சு நானா" என்றேன்.

ரஷீத் நானா நம்பிவிட்டார். "முன்ன வச்சிருந்தவன் சரியான..." என்று தொடங்கினார்.

"இல்ல நானா" என்றார் இவர். "நான் பூட்டினது. கண்ணு சரியாத் தெரியாது. தடவிப் பாத்துப் பூட்டினேன்." என்னைக் கைகாட்டினார். "அவங்க கையில ஒரு கொறையும் இல்ல."

ரஷீத் நானா துணியால் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை. "கண்ணு தெரியாம இந்தளவுக்குப் பூட்டீக்கிறீங்களே அண்ணன். நான் ரெண்டு கண்ணையும் தொறந்துக்கிட்டு இதவிட மோசமாப் பூட்டீக்கிறன்" என்றார்.

"கழட்டிருங்க" என்றார் இவர்.

"கழட்டவேணாம்" என்றேன் நான். "வேற வயர்ல குடுங்க. லைட் இருக்கணும்."

அரை மணித்தியாலத்தில் அதற்கென்று தனி வயர் இழுத்து, ஒரு பியூசும் வைத்துத் தந்தார். மழையிலேயே எல்லாவற்றையும் போட்டு, ஐந்து வளைவு ஓட்டிப் பார்த்தோம். ஒரு விரல் போதுமாக இருந்தது.

மறுபடியும் அந்த வளைவு

கட்டுகஸ்தோட்டை, கண்டி, பேராதனை என்று வந்தோம். வழக்கமாகச் செய்யும் ஒன்றை இவர் செய்யவில்லை. நான் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, பக்கத்துச் சீட்டில் இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டே வருவார். இடப்பக்க ரப்பர் விரிப்பு அந்த இடத்தில் தேய்ந்தே போயிருந்தது. அன்று அவருடைய கால் சும்மா இருந்தது.

கலஹா ரோட்டில் ஏறும்போது நாலு மணிதான் இருக்கும். ஆனால் மூட்டம் இறங்கி ரோட்டை மூடிவிட்டது. பலாமரத்து வளைவுக்குக் கொஞ்சம் கீழே, "நிப்பாட்டு" என்றார்.

வாந்தி வருகிறதோ என்று நினைத்து ஓரங்கட்டினேன். கதவைத் திறந்து இறங்கினார். குடை எடுக்கவில்லை. மண்மேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மழையில் வளைவை நோக்கி நடக்கத் தொடங்கினார். பாதிக் கண்ணோடு, அந்த ரோட்டில்.

பதறிப்போய்க் குடையை எடுத்துக்கொண்டு என் பக்கக் கதவைத் திறந்தேன்.

அவர் திரும்பினார்.

"நீ எறங்காத பரமேசு. டிரைவர் எறங்கினா வண்டிக்கு மரியாதையில்ல."

கால் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே, அப்படியே இருந்தேன். பிறகு காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தினேன்.

அவர் வளைவின் முனையில் போய் நின்றார். மேலிருந்து பஸ் ஒன்று இறங்கி வரும் சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மேல்பக்கம் ஒரு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பஸ் நின்றது. மற்றக் கையை என் பக்கம் நீட்டி அசைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் யாருக்காகவும் சீட்டைவிட்டு இறங்காத மனிதர், சட்டை முதுகோடு ஒட்ட மழையில் நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"எண்ட... எண்ட... எண்ட..."

பிள்ளையார் விளக்கைப் போட்டேன். கண்ணீரில் ரோடு சரியாகத் தெரியவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டே திருப்பினேன்.

"ஹரி!" என்றார். கார் அவரைக் கடந்தபோது, அதன் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.